வேடங்கண்டு வெகுள்வார் கூற்று மறுப்பு

சென்னை மாநகரின் வடபால், இராயபுரந் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியே எண்ணூர் ஈறாகக் கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் நிலப்பகுதி உழைப்பாளர் உறையும் இடமாம். கலியநாயனார் வறுமையுற்ற காலத்தும் கூலிக்குச் செக்காட்டித் திருவிளக்கேற்றிய தலமும், பட்டினத்தடிகள் சமாதி விளங்கும் கடற்கரையும் இதன்கண்ணே உள்ளன. 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்றே புறப்பட்டது. அதன்பின் துறைமுகமும், மீன்பிடி துறைமுகமும், தீப்பெட்டி ஆலையும், மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் அனல்மின் நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மாநகரின் ஏனைப் பகுதியார் ஒளியும் ஊர்தியும் எரிபொருளும் பெற்று இனிது வாழ, அவற்றாலாகிய புகையையும் சாம்பலையும் சுமந்தோர் இப்பகுதியாரே. இவர்தம் பிள்ளைகளைக் குறித்து இக்காலத்து எழுந்துள்ள ஒரு பழிமொழி ஈண்டு ஆராயப்படும்.

இப்பகுதியில் வாழும் பதின்பருவத்து ஆண்மக்களுட் பலர் தலையின் இருமருங்கும் மயிரை ஒட்ட மழித்து, உச்சியில் மட்டும் மிக வளர்த்து, அதற்குச் செந்நிறமோ பொன்னிறமோ ஊட்டி, ஒரு காதிற் கடுக்கன் செறித்து, கையிலும் கழுத்திலும் பச்சை குத்தி, காலை இறுக்கும் பேன்ட் அணிந்து திரிகின்றனர். இவர்க்கு ஊரார் இட்ட பெயர் 'புள்ளிங்கோ' என்பது. 'பிள்ளைகள்' என்னுஞ் சொல்லே வடசென்னைப் பேச்சு வழக்கில் அங்ஙனம் மருவிற்று. ஏறக்குறைய 2019-ஆம் ஆண்டளவில் ஒரு கானாப் பாட்டின் வாயிலாக அச்சொல் தமிழ்நாடெங்கும் பரவியது. பரவிய பின்னர் அதன் பொருள் திரிந்தது. தாய் தன் மக்களை அன்பொடு சுட்டும் சொல், கல்லாதவன், கயவன், கலகக்காரன் என்னும் பொருள்பட வழங்கும் ஏச்சுச் சொல்லாயிற்று. பிள்ளைகள் என்பதே வசையாகும் ஒரு நாட்டில் பிள்ளைகள் எங்ஙனம் வளர்வர் என்பதை அறிவுடையோர் எண்ணிப் பார்ப்பாராக.

இனி, இவ்வேடத்தைக் கண்டு வெகுளும் பெற்றோரும், ஆசிரியர் சிலரும், அவரைத் தூண்டும் ஊராரும் கூறுவன நான்கு. வேடம் உள்ளத்தின் அடையாளம். ஆதலின் இவ்வேடமுடையார் தீயர் என்பது ஒன்று. இஃது முன்னோர் வழக்குக்கு மாறானது என்பது இரண்டு. பெற்றோர் சொல்லைக் கடந்து செய்யப்படுவதாகலின், அடித்தும் மழித்தும் பட்டினியிட்டும் இதனைத் திருத்துதல் கடன் என்பது மூன்று. இவ்வேடம் பிள்ளையின் படிப்பையும் பிழைப்பையும் கெடுத்துக் காவலரின் ஐயத்துக்கு ஆளாக்கும் என்பது நான்கு. இவற்றுள் முதல் மூன்றும் பொருந்தா. நான்காவது உண்மையைத் தொட்டதாயினும் அதனின்று கொள்ளப்பட்ட முடிபு பிழையுடையது. அவை முறையே காட்டப்படும்.

முதற் கூற்று மறுப்பு. வேடம் உள்ளத்தைக் காட்டும் என்பார் பெரியபுராணத்தை மறந்தனர் போலும். திருக்கோவலூர் வேந்தராகிய மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் எவ்வேடத்தொடு வந்தான்? மெய்முழுதும் நீறு பூசி, ஆகமச் சுவடி என ஒரு பொதியைக் கையிலேந்தி வந்தான். அப்பொதியினுள்ளே இருந்தது உடைவாள். குற்றங்காண இயலாத அவ்வேடமே கொலைக்குக் கருவியாயிற்று. அற்றேல், அந்நாயனார் வேடத்தைப் பணிந்தாரன்றோ, வேடத்துக்கு மதிப்புண்டு என்பதன்றோ அவ்வரலாற்றாற் பெறப்படுவது எனின், நன்று. புனிதமான அடையாளத்தைப் பணிதல் வேறு, புறத்தோற்றங் கொண்டு ஒருவனது நெஞ்சை அளந்துவிட்டதாகக் கருதுதல் வேறு. முன்னது அடியார் பண்பு. பின்னது அறியாமை. நல்வேடத்துள் வஞ்சம் இருத்தல் கூடுமாயின், ஊரார் வெறுக்கும் வேடத்துள் நன்மை இருத்தலும் கூடும் என்பதை மறுக்க வழியில்லை.

தக்கன் செய்ததும் இதுவே. சடையும் சாம்பலும் பாம்பும் தோலும் கண்டு தன் மருகரை இகழ்ந்தான். மகளைப் பெற்ற தந்தையாயிருந்தும், புறத்தைக் கண்டு அகத்தைக் காணாதொழிந்தமையால் வேள்வியும் இழந்தான், மகளையும் இழந்தான். பதின்பருவத்துப் பிள்ளையின் வேடத்தை இறைவன் திருவேடத்தொடு ஒப்பிடுதல் ஈண்டுக் கருத்தன்று. செஞ்சடையானை நாடோறும் வணங்குவோர், செம்மயிர் கண்ட அளவிலே ஒரு பிள்ளையைக் கயவன் எனத் துணிதல் தக்கன் சென்ற வழி என்பதே கருத்து.

இவ்வேடத்தார் குற்றஞ் செய்வதில்லையோ எனின், செய்வாரும் உளர். அங்ஙனமே வெண்சட்டை அணிந்து வகிடெடுத்து வாரிய தலையினருள்ளும் குற்றஞ் செய்வார் உளர். 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் அரும்பாக்கத்திலே ஓடும் பேருந்தில் கல்லூரி மாணவர் தம்முள் பகைத்துப் பட்டாக்கத்தியால் வெட்டிக்கொண்டனர். அன்று குருதி சிந்தச் செய்தது கத்தி. அக்கத்தியை எடுப்பித்தது 'ரூட்டு' என்னும் பெயரால் ஆண்டுதோறும் கைமாறி வந்த பகை. மயிரின் நிறத்துக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. பகையை ஆராயாது மயிரை ஆராய்வார், நோயை விட்டு நோயாளியின் ஆடையைக் கழற்றும் மருத்துவரை ஒப்பர்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்க்கு அணித்தாகக் கடலில் இரு கப்பல்கள் மோதின. சிந்திய எண்ணெய் எர்ணாவூர்க் கரையிற் கருங்களியாய்ப் படிந்தது. பொறிகள் பயன்படாதவிடத்து அதனை வாளிகொண்டு அள்ளியோர் மனிதர்; அவருள் அவ்வூர் மீனவரும் இளைஞரும் இருந்தனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு கலந்துவந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், படகேறி அதனை அள்ளியோர் அப்பகுதி மீனவ மக்களே. அத்திங்களின் இறுதியில் ஓரிரவு பெரியகுப்பத்தருகே அம்மோனியா வாயு கசிய, ஊரே இருளில் எழுந்தோட நேர்ந்தது. இத்தகைய இடர்களினிடையே வளர்ந்து, இடர் வந்துழிக் கைகொடுக்கும் ஊரின் பிள்ளைகளைத் தலைமயிர் கொண்டு தரம் பிரித்தல் எவ்வாற்றானும் நீதியாகாது.

வேடமே குற்றம் என்பார் தம் கொள்கையில் உறுதியுடையரோ எனின் அதுவும் இன்று. கொரிய நாட்டுப் பாடகர் நீலமும் ஊதாவும் ஊட்டிய மயிரோடு பாடுங்கால், அதனைக் கண்டு அங்ஙனமே செய்துகொள்ளும் செல்வர் வீட்டுப் பிள்ளை 'நாகரிகம் அறிந்தவன்' எனப்படுகிறான். திரைப்படத் தலைவன் அதே மயிரோடு தோன்றின் அவன் படத்தைச் சுவரில் ஒட்டுகின்றனர். காசிமேட்டுப் பிள்ளை அதனைச் செய்யின் 'ரவுடி' என்கின்றனர். மயிர் ஒன்றே, சாயம் ஒன்றே. வேறுபடுவன தெருவின் பெயரும் தந்தையின் தொழிலுமே. ஆகவே வெகுளி வேடத்தின்மேல் எழுந்ததன்று, ஏழைமையின்மேல் எழுந்தது என்பது பெறப்படும். இப்பகுதியைக் கொலைக்களமாகவே காட்டிப் பொருளீட்டுவதும், இப்பகுதிப் பிள்ளைகட்கே அவ்வேடத்தை விற்பதும், பின்னர் அவ்வேடத்தை வில்லனுக்கு இட்டு நகைப்பதும் ஆகிய மூன்றையும் திரைப்படத்துறை ஒருங்கே செய்து வருகின்றது. அதனை வினவுவார் இலர். பிள்ளையை வினவுவார் பலர்.

புறநாட்டு வரலாறும் இதனையே காட்டும். 1943-ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கடற்படை வீரர் திரண்டு, மெக்சிக வழிவந்த ஏழை இளைஞரைத் தெருத்தெருவாய்த் தேடி அடித்து, அவர் அணிந்திருந்த அகன்ற நீண்ட கோட்டுகளை உரித்தெறிந்தனர். 'ஜூட் சூட்' எனப்பட்ட அவ்வுடை போர்க்காலத்தில் துணியை வீணாக்குவது என்பதே சொல்லப்பட்ட காரணம். காவலர் சிறைப்படுத்தியதோ பெரும்பாலும் அடிபட்டோரையே. நகரமன்றம் அடித்தாரைக் கடியாது அவ்வுடையைத் தடைசெய்யத் தீர்மானித்தது. துணிக்காகவே எழுந்த சினமாயின் அது செல்வர் அணிந்த கோட்டின்மேலும் சென்றிருக்கும். செல்லவில்லை. சிறுபான்மை மக்களின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து அழகுடன் நடந்தமையே பிறர் பொறுக்கலாற்றாத குற்றமாயிற்று.

இரண்டாங் கூற்று மறுப்பு. இவ்வேடம் முன்னோர் வழக்குக்கு மாறானது என்பார், எம்முன்னோரைக் குறிக்கின்றனர் என்று வினவப்படுவர். இந்நாட்டு ஆடவர் நெடுங்காலம் முன்தலையை மழித்துப் பின்னே நீள்குடுமி வளர்த்தனர். காதிற் கடுக்கன் அணிந்தனர். பாட்டியர் கையிலும் மோவாயிலும் பச்சை குத்திக்கொண்டனர். தலையில் ஒரு பாகம் மழித்தலும், ஒரு பாகம் வளர்த்தலும், காது குத்தலும், பச்சை குத்தலும் ஆகிய இந்நான்கையும் செய்யும் பேரனைப் பார்த்து 'முன்னோர் வழக்கைக் கெடுத்தான்' என்பது நகைப்புக்கு இடமாம். அவன் கொள்ளுப்பாட்டனார் எழுந்துவரின் சாயத்தைக் கண்டு சிறிது வியப்பர். மற்றவற்றைத் தம்முடையனவாகவே காண்பர்.

இனி, ஒழுக்கத்தின் சின்னமாக இன்று பள்ளிகளிற் போற்றப்படும் 'கிராப்பு' எப்பொழுது வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகன் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டு வந்தபோது, குலமும் சமயமும் அழிந்தன என்று தந்தையர் தலையிலடித்துக்கொண்டனர். அக்காலத்து மீறலே இக்காலத்து ஒழுங்காயிற்று. பின்னர் 1970-களில் காது மறைய மயிர் வளர்த்து, யானைக்கால் போல் அகன்ற பெல்பாட்டம் அணிந்து திரிந்த இளைஞரை அவர்தம் தந்தையர் 'ஹிப்பி' எனக் கடிந்தனர். அவ்விளைஞர் இன்று எழுபதைக் கடந்த பாட்டனார். அவருட் சிலர் பேரனின் இறுக்கமான பேன்டைக் கண்டு காலங்கெட்டது என்கின்றனர். காலந்தோறும் மாறும் ஒன்றை மாறா அறமாகக் கொள்ளுதல், அறத்தை மயிரளவு சுருக்குதலாம்.

முன்னோர் வழக்கு என்னும் சொல்லின் பெயரால் உடைபற்றி நிகழ்ந்த கொடுமையும் நினைவு கூரத்தக்கது. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்துச் சீலை அணிதல் வழக்குக்கு மாறென்று அக்கால உயர்குடியினர் சிலர் அவ்வுடையைக் கிழித்தனர். பன்னெடுங்காலம் நடந்த போராட்டத்தின் பின்னரே, 1859-ஆம் ஆண்டில் அரசாணையால் அப்பெண்டிர் மேலாடை அணியும் உரிமை பெற்றனர். அந்நாளில் வழக்கைக் காத்தோம் என்று செருக்கினாரை இந்நாளில் யாரேனும் போற்றுவரோ? உடை என்பது சில்லறைப் பொருள்போல் தோன்றினும், யார் எதனை உடுக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் சில்லறைப் பொருளன்று. 2018-ஆம் ஆண்டு சனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித், இசையமைப்பாளர் தென்மா ஆகியோர் முயற்சியால் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவினர் சென்னையில் மேடையேறியபோது, இழவு வீட்டுப் பாட்டென்று இகழப்பட்ட கானாவைக் கோட்டு அணிந்து பாடினர். அம்பேத்கரின் உடை அவர்க்கு முன்மாதிரியாயிற்று. ஒடுக்கப்பட்டார் அணியும் ஆடை பலகாலும் ஒரு விடையாகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாங் கூற்று மறுப்பு. அடித்தும் மழித்தும் பட்டினியிட்டும் திருத்தல் வேண்டும் என்பார்க்குத் திருவொற்றியூரே விடை கூறும். 1823-இல் பிறந்து, இளமையிலே தந்தையை இழந்து, ஏழுகிணற்றுப் பகுதியில் தமையனார் சபாபதியாரின் ஆதரவில் வளர்ந்த இராமலிங்கர், பள்ளியிற் பொருந்தாது கந்தகோட்டத்தும் திருவொற்றியூரினும் திரிந்தார். தந்தையின் இடத்தில் நின்ற தமையனார் வெகுண்டு, வீட்டில் அவர்க்குச் சோறிடலாகாது என்று கட்டளையிட்டார் என அவர் வரலாறு கூறுவோர் கூறுவர். அண்ணியாரோ, கணவர் அறியாதபடி அழைத்து உணவிட்டு, இரங்கிப் பேசி, வீட்டிலேயே தங்குமாறு இசைவித்தார். பின்னரே அவர்க்கென ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அவ்வறையிலிருந்தே அவர் அருள்வாழ்வு மலர்ந்தது. பிற்காலத்தும் துறவிகட்குரிய காவியைக் கொள்ளாது வெள்ளாடையே போர்த்து வாழ்ந்தார். சோற்றை மறுத்த கட்டளை அவரைத் திருத்தவில்லை. சோறிட்ட கையே அவரை வீட்டோடு பிணைத்தது. எல்லாப் பிள்ளையும் வள்ளலார் ஆவரோ எனின், ஆகார். ஆயினும் எப்பிள்ளை எவராவார் என்பதைப் பதினைந்தாம் அகவையில் அறிந்தார் எவருமிலர்.

திலகவதியாரின் பொறுமையும் இத்தகையதே. தாய் தந்தையரை இழந்து தாமே வளர்த்த தம்பி, வேறு சமயம் புகுந்து வேறு வேடம் பூண்டு சென்றார். அம்மையார் அவரைத் துரத்திச் சென்று அடித்தாரல்லர், ஊரிற் பழித்தாரல்லர். இறைவனிடம் முறையிட்டுத் தம் திருப்பணியைச் செய்துகொண்டு இருந்தார். சூலைநோய் வருத்தத் தம்பி இரவில் வந்தபோது 'அன்றே சொன்னேன்' என்று குத்திக்காட்டாது திருநீறளித்து உய்வித்தார். திரும்பி வருதற்குரிய கதவு திறந்திருந்தமையாலன்றோ திருநாவுக்கரசர் கிடைத்தனர்! மகனை மழித்துத் துரத்தும் தந்தை, அவன் இடருறும் நாளில் வந்து தட்டுதற்குரிய கதவைத் தானே அடைத்துவிடுகின்றான்.

இந்நாட்டில் மொட்டையடித்தலும் கரும்புள்ளி செம்புள்ளி குத்தலும் குற்றவாளிகட்கு இடப்பட்ட மானக்கேடுகள். முடிதிருத்துவோரைப் பள்ளிக்கு வரவழைத்து, ஏனைய மாணாக்கர் காண, பிள்ளைகளை வரிசையில் அமர்த்தி மயிர் களைவித்த செய்திகள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இடையிடையே வந்துள்ளன. பெற்றோருட் சிலர் அதற்கு நன்றியும் கூறுகின்றனர். 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகட்கென இயற்றப்பட்ட 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையை மட்டுமன்றி உள்ளத்தை வருத்துதலையும் தடைசெய்துள்ளது. பலர் நகைப்ப ஒருவன் தலையை மழித்தல் உள்ளத்தை வருத்துதலன்றி வேறென்னை? மழிக்கப்பட்ட மயிர் ஒரு திங்களில் வளர்ந்துவிடும். அன்றைய நகைப்பு அங்ஙனம் மறையாது. அதன்பின் பள்ளிக்கு வருதலையே ஒழித்த பிள்ளையின் இழப்புக்கு யார் விடையிறுப்பார்?

வலிமையுடைய அரசுகளும் இம்முயற்சியில் வென்றனவில்லை. உருசிய வேந்தன் பீட்டர் 1698-இல் பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே கத்தரித்தான். பின்னர்த் தாடிக்கு வரியும் விதித்தான். வரி செலுத்தித் தாடி வளர்த்தாரும் உளர். 1970-களிற் சிங்கப்பூர் அரசு, நீள்மயிர் உடைய ஆடவர்க்கு அலுவலகங்களிற் கடைசியிலேயே பணி செய்யப்படும் என்று அறிவிப்பு ஒட்டியது. இன்று அந்நகரில் நீள்மயிரைப் பொருட்படுத்துவார் இலர். அரசர்க்கே ஆகாத ஒன்று, செல்பேசியிற் பதினாயிரம் முகங்களைக் காணும் பிள்ளையின் திறத்தில் ஒரு பிரம்பினால் ஆகுமோ?

பெண்மக்கள் திறத்து இக்கொடுமை பின்னும் மிகும். ஆண்மகன் மயிருக்குச் சாயமிடின் அடியோடு ஒழியும். பெண்மகள் ஜீன்ஸ் அணியினும், கூந்தலைக் குறைப்பினும், தன் நிழற்படத்தை இன்ஸ்டாகிராமில் இடினும், செல்பேசி பறிக்கப்படும். சிலவிடத்துப் படிப்பு நிறுத்தப்படும். சிலவிடத்து 'கையை மீறுமுன் கட்டிக்கொடுத்துவிடுவோம்' என மணமும் பேசப்படும். பதினெட்டு அகவை நிரம்பாத பெண்ணுக்கு மணஞ்செய்தல் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். ஓர் ஆடையின் பொருட்டு ஒரு வாழ்நாளைத் தண்டமாக இறுப்பித்தல் எந்த அறநூற்கும் உடன்பாடாகாது.

நான்காங் கூற்று. இவ்வேடத்தால் பிள்ளைக்கு வேலை கிடையாது, இரவில் வண்டியை நிறுத்திக் காவலர் முதலில் அவனையே வினவுவர் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் மெய்யானது, இதனை நகைத்தல் தகாது. விடியுமுன் மீன்கூடை சுமந்து செல்லும் தாயும், துறைமுகத்தில் இரவு முறை பார்க்கும் தந்தையும் தம் மகன் எங்கேனும் பிடிபடுவானோ என்று நெஞ்சில் நெருப்பொடு உழைக்கின்றனர். அவர் கத்தரியை எடுப்பது பல்கால் வெறுப்பாலன்று, அச்சத்தாலேயே. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. மயிரைக் கண்டு ஐயுறுபவன் பிழைசெய்தவன். மயிரை வளர்த்தவன் அப்பிழையால் துன்புறுபவன். பெற்றோர் பிழைசெய்தவனை வினவ அஞ்சி, துன்புறும் மகனையே தண்டிக்கின்றனர். மேலும், காவலர் ஐயம் மயிரோடு ஒழிவதுமன்று. அதனைக் களைந்த பின்னும் ஊர்ப்பெயர் எஞ்சும், நிறம் எஞ்சும், பேச்சு எஞ்சும். இவற்றையெல்லாம் எக்கத்தரி கொண்டு களைவர்? ஊர்ப்பெயரைச் சொல்லவே நாணும் இளைஞனை உண்டாக்குதல் பெற்றோர் கடனோ?

அங்ஙனமாயின் ஒழுங்கே வேண்டாவோ எனின், வேண்டும். காரணமுடைய ஒழுங்கு வேறு, காரணமற்ற அடக்குமுறை வேறு. லேத்து முதலிய சுழல்பொறிகளின் அருகில் நீள்மயிரும் மோதிரமும் தொங்கணியும் ஆகா. அவை பொறியிற் சிக்கின் உயிர்க்கே கேடாம். இக்காரணத்தைக் காட்டித் தொழிற்பயிற்சி நிலையத்தில் மயிரைக் கட்டுக எனின் கட்டாத இளைஞன் அரியன். மயிர்ச்சாயம் சிலவற்றில் உள்ள பொருள் சிலர் தோலிற் கடும் ஒவ்வாமையை விளைக்கும்; ஆகவே முன்னரே சிறிது தோலில் இட்டுச் சோதித்தல் வேண்டும் எனக் கூறின் அதுவும் கேட்பான். பச்சை குத்தும் ஊசி தூயதோ என்பதை நோக்குக, அது நீங்காதது, ஆகலின் பதினெட்டு நிரம்பும்வரை பொறுத்திரு எனின், அதற்கும் ஒரு நியாயம் உண்டு. பள்ளியும் தனக்குரிய ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம். அது செல்வர்க்கும் வறியர்க்கும் ஒன்றாய், முன்னறிவித்ததாய், மானங்கெடாததாய் இருத்தல் வேண்டும்.

பெற்றோர் உண்மையில் அஞ்சத்தக்கன வேறு உள. கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் நெருங்கிச் செல்லும் எண்ணூர் விரைவுச்சாலையில் தலைக்கவசமின்றி மூவர் ஏறிய மோட்டார்சைக்கிளிற் பந்தயம் விடுதல், போதை மாத்திரை, பத்தாம் வகுப்போடு படிப்பை விடுதல், 'அண்ணன்' ஒருவனுக்கு ஏவலாளாகிக் கத்தி தூக்குதல். இந்நான்கும் உயிரையும் வாழ்வையும் பறிப்பன. இவை நிகழுமுன் பிள்ளை தன் அச்சத்தை யாரிடமேனும் சொல்வானாயின் காக்கப்படுவான். மயிருக்காக நாடோறும் அடிபட்டவன் வீட்டில் எதனையும் சொல்லான். சிறியதன்மேற் செய்யும் போர் பெரியதைக் காணும் கண்ணைக் கெடுத்துவிடுகின்றது. இதுவே இவ்வெகுளியால் விளையும் தலையாய கேடு.

பிள்ளை ஏன் இதனைச் செய்கின்றான் என்பதையும் சிறிது ஆராய்தல் வேண்டும். பதின்பருவத்தில் இன்பத்தையும் தோழர் மதிப்பையும் நாடும் வேகம் மிக்கெழும். அதனை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுவிலேயே முதிரும் என்பது இக்கால மருத்துவ அறிஞர் கண்ட உண்மை. ஆகவே மீறல் அப்பருவத்தின் இயல்பு. இதனோடு இப்பகுதி வாழ்வின் இயல்பையும் சேர்த்தெண்ணுக. ஐவரும் அறுவரும் ஓரறையில் உறங்கும் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில், தனக்கென ஒரு மேசையோ அலமாரியோ இல்லாத பிள்ளைக்குத் தன்னுடையது என்று சொல்லத்தக்கது தன் உடம்பு ஒன்றே. இராமலிங்கர்க்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. இவனுக்கு ஒதுக்க அறையில்லை. ஆகவே தன் தலையையே தன் இடமாகக் கொண்டு, அதில் தான் விரும்பியதைத் தீட்டுகின்றான். 'யானும் ஒருவன் உளேன்' என்பதே அதன் பொருள். அதனை மழிப்பார் அவன் இருப்பையே மறுப்பதாக அவன் கொள்ளுதலில் வியப்பில்லை.

இனிப் பெற்றோர் செய்யத்தக்கன. முதலாவது, கத்தரியைக் கீழே வைத்துச் செவியைக் கொடுத்தல். எவன் போல ஆகவேண்டி இவ்வேடம் பூண்டாய், அவன்பால் நீ கண்ட சிறப்பு யாது என்று பகைமையின்றி ஒருமுறை வினவின், பல ஆண்டு அறியாதிருந்த தம் மகனைப் பெற்றோர் அறிவர். இரண்டாவது, மயிர் முதலிய மாறத்தக்கவற்றில் விட்டுக்கொடுத்து, படிப்பு, தலைக்கவசம், போதை, கத்தி என்னும் உயிர்நிலையானவற்றில் ஒருசிறிதும் விட்டுக்கொடாது நிற்றல். எல்லாவற்றையும் மறுக்கும் தந்தையின் மறுப்புக்கு மதிப்பில்லை. சிலவற்றை மட்டும் மறுப்பவன் சொல்லுக்கு எடை உண்டு. மூன்றாவது, பிள்ளையைப் பலர் காண மழித்த ஆசிரியரையும், வேடங்கண்டு வைத காவலரையும் தெருவார் ஒருங்குசேர்ந்து சென்று பணிவொடும் உறுதியொடும் வினவுதல். தன்பொருட்டுத் தந்தை ஒருவர் முன் நிமிர்ந்து நின்றதைக் கண்ட மகன், பின்னொருகால் தந்தை சொல்லைத் தள்ளத் தயங்குவான். நான்காவது, கானாவுக்கும் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் ஓவியத்துக்கும் இடம் வேண்டுமென்று மாநகராட்சியைக் கேட்டல். வெளிப்படுத்த வேறு வழியுடையவன் எல்லாவற்றையும் தலைமேலேயே சுமத்தான்.

இவற்றைச் செய்தற்குப் பெருஞ்செல்வமோ பெருங்கல்வியோ வேண்டுவதில்லை. கூலிக்குச் செக்காட்டிய ஒருவர் தம் வறுமையிலும் விளக்கணையாது காத்த ஊர் திருவொற்றியூர். உழைப்பால் ஓய்ந்த தாயும் தந்தையும், இரவு பிந்தி வரும் மகனுக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்துவைத்து, அவன் தலையை நோக்காது முகத்தை நோக்கி, 'சாப்பிட்டாயா?' என்று வினவுதல் ஆகாத செயலன்று. ஊரார் வசையாக்கிய 'பிள்ளை' என்னும் சொல்லை மீண்டும் அன்புச் சொல்லாக்கும் கடன் முதற்கண் அவர்க்கே உரியது. அதன்பின் ஆசிரியர்க்கும் காவலர்க்கும் ஊரார்க்கும் உரியது என்க.